காரணிகளைத் தேடாமல் மீப்பெரு பொதுக் காரணி

இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காண்பதற்கு, அவ்வெண்களின் காரணிகள் எவை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். ஆனால் மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்றதும் பெரும்பாலான பிள்ளைகளின் கை தன்னிச்சையாகப் பகாக் காரணிப்படுத்தலுக்கே போகிறது. 12, 18 போன்ற எண்களுக்கு அது போதும். தாளே இல்லாமல் 6 என்றும் 36 என்றும் சொல்லிவிடலாம்.

391, 299 ஆகிய இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். 391-ஐ 2, 3, 5, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துப் பார்க்கும் மாணவர், எதுவும் ஒத்துவராத சலிப்பில் அதைப் பகா எண் என்று முடிவுகட்டி, பொதுக் காரணி 1 என எழுதிவிடக்கூடும். பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிடின் வழியில் மூன்றே வகுத்தல்கள்தான். 391-ஐ 299-ஆல் வகுத்தால் மீதி 92. 299-ஐ 92-ஆல் வகுத்தால் மீதி 23. 92-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே மீதியின்றி வகுத்த அந்த 23-தான் விடை. 391 = 17 × 23, 299 = 13 × 23 என்பவை விடை கிடைத்த பிறகுதான் தெரியவருகின்றன.

இது ஏன் சரியாக வருகிறது? இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எந்த எண்ணும் அவற்றின் வித்தியாசத்தையும் மீதியின்றி வகுக்கும். வித்தியாசத்தையும் சிறிய எண்ணையும் வகுப்பது பெரிய எண்ணையும் வகுக்கும். எனவே பெரிய எண்ணிலிருந்து சிறியதை எத்தனை முறை கழித்தாலும் பொதுக் காரணிகளின் கூட்டம் மாறுவதில்லை. எண்கள் மட்டும் சிறுத்துக்கொண்டே வருகின்றன. வகுத்து மீதி காண்பது, திரும்பத் திரும்பக் கழிப்பதன் சுருக்கமே. ஏறத்தாழ கி.மு. 300-இல் யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' தொகுப்பின் ஏழாம் நூலை இந்தக் கழித்தலைக் கொண்டுதான் தொடங்குகிறார்.

இதன் வேகத்தை 1844-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாமே அளந்து காட்டினார்: சிறிய எண்ணில் எத்தனை இலக்கங்களோ, அதன் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல்கள் தேவைப்படா. மிக மெதுவாக நகர்பவை 89, 55 போன்ற அடுத்தடுத்த ஃபிபோனச்சி எண்கள் (ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டலாக வரும் வரிசை). அவற்றுக்கும் ஒன்பது வகுத்தல்களே ஆகின்றன.

காரணிப்படுத்தலின் நிலையோ வேறு. இணையப் பாதுகாப்பில் பயன்படும் ஆர்எஸ்ஏ என்னும் மறையாக்க முறையின் பொதுச் சாவி (எவரும் காணக்கூடிய சாவி), இரண்டு பெரும் பகா எண்களின் பெருக்கற்பலனைக் கொண்டது. அதை அப்பகா எண்களாக நடைமுறையில் பிரிக்க முடியாது என்ற நம்பிக்கையில்தான் அம்முறை நிற்கிறது. 250 இலக்கங்கள் கொண்ட அத்தகைய எண் ஒன்று 2020-இல் பிரிக்கப்பட்டபோது, செயலியின் ஒரே ஒரு கோர் மட்டும் செய்திருந்தால் சுமார் 2700 ஆண்டு பிடித்திருக்கும் அளவுக்குக் கணிப்பு தேவைப்பட்டது. ஆனால் 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், இணையத்தில் திறந்து கிடந்த பல இலட்சம் பொதுச் சாவிகளைத் திரட்டி, அவற்றுக்கிடையேயான மீ.பெ.கா.வை மட்டும் கணித்துப் பார்த்தன. ரவுட்டர் போன்ற சில கருவிகள் போதிய தற்செயல்தன்மை இல்லாமல் சாவிகளை உருவாக்கியதால், வெவ்வேறு சாவிகளில் ஒரே பகா எண் இடம்பெற்றிருந்தது. இரண்டு சாவிகளின் மீ.பெ.கா. அந்தப் பகா எண்ணையே கையில் தந்துவிட்டது; அதைக் கொண்டு ஒருமுறை வகுத்தால் மற்றொன்றும் கிடைத்துவிடும். 309 இலக்கச் சாவிகளுக்கு, லாமேயின் கணக்குப்படி, 1545 வகுத்தல்களைத் தாண்டாது.

மீ.சி.ம.வுக்குத் தனியாக உழைக்க வேண்டியதில்லை. ஓர் எண்ணை மீ.பெ.கா.வால் வகுத்து, ஈவை மற்ற எண்ணால் பெருக்கினால் போதும்: 391 ÷ 23 = 17; 17 × 299 = 5083. முதலில் இரண்டு எண்களையும் 116909 என்று பெருக்கிவைத்துக்கொண்டு பிறகு வகுப்பவர்களும் உண்டு. விடை ஒன்றுதான் என்றாலும், நிரல் எழுதுவோர் எண் வரம்பு மீறாதிருக்க முதலில் வகுப்பதையே விரும்புவர்.

மூன்று எண்கள் என்றால் மட்டும் கவனம் தேவை. 4, 6, 10 ஆகியவற்றின் மீ.பெ.கா. 2, மீ.சி.ம. 60, இவற்றைப் பெருக்கினால் 120, மூன்று எண்களையும் பெருக்கினால் 240. மீ.பெ.கா.வையும் மீ.சி.ம.வையும் பெருக்கினால் எண்களின் பெருக்கற்பலன் வரும் என்ற, இரண்டு எண்களுக்குரிய சூத்திரம் இங்கே செல்லாது. 4-க்கும் 6-க்கும் முதலில் மீ.சி.ம. 12 எனக் கண்டு, பிறகு 12-க்கும் 10-க்கும் 60 எனக் காண வேண்டும்.