கொம்பு எது, மீசை எது: ஒரு தென்னை வண்டும் அதன் உறுப்புப் பெயர்களும்

போன வாரம் மழை விட்ட ராத்திரி, களத்து விளக்கில் மோதி ஒரு காண்டாமிருக வண்டு தொப்பென்று விழுந்தது. கட்டைவிரல் அளவு, நல்ல கருப்பு, தலையில் பின்பக்கமாக வளைந்த ஒற்றைக் கொம்பு. தென்னை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இதைப் பார்த்தால் கை தானாகச் செருப்புக்குப் போகும். சித்தப்பாவுக்கும் போனது. "இருங்க சித்தப்பா, காலைல பாத்துட்டுக் குடுத்துடறேன்" என்று கேட்டு வாங்கி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைத்தேன். "அதுல பாக்க என்ன இருக்கு, கொம்பும் ஓடும்தானே" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ரெண்டு வருஷமாகப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு வண்டுகளைப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். முதலில் என்னைத் தடுத்தது லென்ஸோ வெளிச்சமோ கிடையாது, வார்த்தைகள்தான். ஒரு வண்டின் படத்தை விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினால், "ப்ரோநோட்டத்தில் மேடு இருக்கிறதா? டார்சஸ் எத்தனை கணு? பைஜிடியத்தில் முடி உண்டா?" என்று திருப்பிக் கேட்பார். எனக்கு எதுவும் புரியாது. கருப்பாக இருக்கிறது, பெரிதாக இருக்கிறது என்பதைத் தாண்டி என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நம் பேச்சில் வண்டுக்கு என்று இருப்பது கொம்பு, மீசை, ஓடு, றெக்கை, கொடுக்கு, அவ்வளவுதான்.

சரி, கொம்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஏனென்றால் பெரிய குழப்பமே அங்கேதான் இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் பூச்சியின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இழைகளுக்கு உணர்கொம்பு என்று பெயர். கரப்பானுக்கு நாம் மீசை என்று சொல்வோமே, அதுதான். காண்டாமிருக வண்டின் கொம்பு வேறு சமாச்சாரம். அது தலை ஓட்டின் ஒரு புடைப்பு, கெட்டியானது, அசையாது, எந்த வாசனையும் அதில் ஏறாது. இந்த வண்டின் நிஜ உணர்கொம்பு கண்ணுக்கு முன்னால், கன்னத்தின் அடியில் மடங்கிக் கிடக்கும். சும்மா பார்த்தால் இருப்பதே தெரியாது. காலையில் பாட்டிலைத் திறந்து வண்டை உள்ளங்கையில் வைத்து லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் அசையவில்லை. வாயால் லேசாக ஊதினேன். கன்னத்துக்கு அடியிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் குச்சி வெளியே வந்தது. அதன் நுனியில் குண்டாக இருந்த பகுதி மெதுவாகப் பிரிந்து மூன்று இதழ்களாக விரிந்தது, விசிறியை விரிப்பது மாதிரி. அந்த மூன்று இதழ்களின் பரப்பில்தான் வாசனை பிடிபடுகிறது. தோப்பில் தொங்கவிடும் கவர்ச்சிப் பொறியின் வாசனையை இருட்டில் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து வருவது இந்தக் கடுகளவு விசிறியை வைத்துத்தான். இப்படி இதழ் இதழாக விரியும் உணர்கொம்பைப் பார்த்துவிட்டால் போதும், இது சாணி வண்டின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எழுதிவிடலாம். கொம்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே தேவையில்லை.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் வந்ததும் இல்லை. அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் பூச்சிகளின் உணர்கொம்பைக் கொம்பு என்ற பொருள்படும் சொல்லால்தான் குறித்தார். அதே சொல்லுக்குப் பாய்மரத்தின் குறுக்குக் கழி என்றும் ஒரு பொருள் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் தியோடர் காசா என்ற கிரேக்க அறிஞர் அதை லத்தீனில் பெயர்த்தபோது குறுக்குக் கழியைக் குறிக்கும் 'ஆன்டெனா' என்ற சொல்லைப் போட்டார், அதுவே நிலைத்துவிட்டது. ரொம்பப் பின்னால் வானொலிக்காரர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடியில் ஏறித் திருப்பினோமே ஆன்டெனா, அதற்கு முன்னாலேயே அந்தப் பெயர் பூச்சியின் தலையில் இருந்திருக்கிறது. என்னைக் கேட்டால் தமிழில் மீசை என்ற சொல்லையே தைரியமாக எழுதலாம். உணர்கொம்பு என்று எழுதினால் காண்டாமிருக வண்டில் படிக்கிறவர் தவறான இடத்தைத்தான் பார்ப்பார்.

அடுத்தது கழுத்து. தலைக்குப் பின்னால் கவசம் மாதிரி ஒரு அகலமான தகடு இருக்கிறதல்லவா, அதை எல்லோரும் கழுத்து என்றோ தோள் என்றோ சொல்வோம். அதன் பெயர்தான் ப்ரோநோட்டம், முன்மார்பின் மேல்தகடு. பூச்சியின் உடம்பு தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. ஆனால் வண்டை மேலிருந்து பார்த்தால் தலை, அப்புறம் இந்தத் தகடு, அப்புறம் ஓடு என்று மூன்று துண்டாகத் தெரியும், உடனே நாம் தகடுதான் மார்பு, ஓட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் வயிறு என்று முடிவு செய்துவிடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். வண்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்கால் ஒரு ஜோடி தகட்டின் அடியிலிருந்து வருகிறது, நடுக்காலும் பின்காலும் நாம் வயிறு என்று நினைத்த இடத்திலிருந்து வருகின்றன. பூச்சிக்குக் கால் முளைப்பது மார்பில்தான். அப்படியென்றால் மார்பின் மூன்றில் ஒரு பங்குதான் மேலே தெரிகிறது, நடுமார்பும் பின்மார்பும் ஓட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன. நடுமார்பின் ஒரே ஒரு துணுக்கு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்: இரண்டு ஓடும் சேரும் கோட்டின் உச்சியில் ஒரு குட்டி முக்கோணம். அதற்கு ஸ்குடெல்லம் என்று பெயர், லத்தீனில் சின்னக் கேடயம். நாற்றமடிக்கும் பச்சைப் பூச்சிகளில் இது முதுகில் பாதி வரைக்கும் பெரிதாக இருக்கும்.

காண்டாமிருக வண்டின் ப்ரோநோட்டத்தை விரலால் தடவினால் முன்பாதியில் ஒரு பள்ளம் இருக்கும், பள்ளத்தின் பின்விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மொட்டு. இனத்தை உறுதி செய்யும்போது கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. 1758இல், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் இதற்குக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்தார், பின்னால் சேர்ந்த ஒரிக்டஸ் என்ற முன்பெயருக்குத் தோண்டுபவன் என்று அர்த்தம். முன்காலின் வெளி விளிம்பைப் பார்த்தால் அந்தப் பெயர் சரி என்பது விளங்கும். மண்வெட்டி மாதிரித் தட்டையாக, பல் பல்லாக இருக்கும். குருத்துக்குள் நுழைந்து மென்று நாரை வெளியே தள்ளிவிட்டுப் போவது இந்தக் கால்களாலும் தாடையாலும்தான். மட்டை விரிந்த பிறகு கத்தரியால் வெட்டினது மாதிரி முக்கோணமாகத் தெரிகிற வெட்டு எல்லாம் குருத்து மடிந்திருந்தபோது விழுந்த ஓட்டைகள்.

இப்போது ஓடு. இதைப் பற்றி எழுத எனக்கு ரொம்ப ஆசை.

வண்டின் ஓடு ஓடே கிடையாது, சிறகு. முன்சிறகு இரண்டும் இறுகித் தடித்து, பின்சிறகுக்கு உறையாகிவிட்டன. எலிட்ரா என்ற கிரேக்கச் சொல்லுக்கே உறை, மூடி என்றுதான் பொருள். வண்டுகளின் மொத்த வரிசைக்கும் இருக்கிற கோலியாப்டெரா என்ற பெயரும் அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்ததுதான்: உறைச் சிறகு. தமிழில் சிறகுறை என்று எழுதினால் அழகாக இருக்கிறது, நான் அப்படித்தான் எழுதுகிறேன். இதுவரை பெயர் வைக்கப்பட்ட வண்டினங்கள் சுமார் 4 லட்சம், அவ்வளவையும் இந்த ஒரு அடையாளத்தின் கீழேதான் சேர்த்திருக்கிறார்கள்.

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் வரும் 'அஞ்சிறைத் தும்பி' எல்லோருக்கும் தெரியும். அஞ்சிறையை அம் + சிறை என்று பிரித்தால் அழகிய சிறகு. அகம் + சிறை என்றும் பிரித்திருக்கிறார்கள், அகங்கை அங்கை ஆவதைப் போல. அப்போது உள்ளே இருக்கும் சிறகு. அந்தத் தும்பி தேன் தேடுகிற வண்டு, என் பாட்டிலில் இருப்பது அதில்லை, அது தெரியும். ஆனாலும் சிறகுறைக்குள் மடித்து வைத்த பின்சிறகுக்கு இதைவிட நல்ல தமிழ்ச் சொல் இருக்க முடியுமா? உட்சிறை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். வண்டு பறக்கத் தயாராகும்போது பார்த்திருக்கிறீர்களா? வயிறு ஏறி இறங்கும், சிறகுறை இரண்டும் மேலே தூக்கிக்கொள்ளும், உள்ளேயிருந்து மெல்லிய பழுப்புச் சவ்வு குறுக்கு மடிப்புப் பிரிந்து நீளும், கடைசியில் சிறகுறையைவிட நீளமாகிவிடும்.

சின்ன வயதில் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். எங்கள் பக்கம் கிடைத்ததற்குக் 'கழுத்து' பச்சையாக மின்னும், அம்மை வடு மாதிரிக் குழிகுழியாக இருக்கும். முதுகு செம்பழுப்பு. அந்தக் கழுத்துதான் ப்ரோநோட்டம், முதுகுதான் சிறகுறை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து போன மஸ்லின் துணிகளில் பொன்வண்டுச் 'சிறகு' வைத்துப் பூவேலை செய்தார்கள். 1903இல் டெல்லி தர்பாரின்போது வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி போட்ட மயில்தோகை உடையிலும் அது உண்டு. அவை எதுவும் பறக்கிற சிறகு இல்லை, எல்லாம் சிறகுறைதான். பறக்கும் சிறகில் ஊசி குத்தினால் கிழிந்துபோகும். அந்தப் பச்சை சாயத்தால் வந்ததாக இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் மங்கியிருக்கும். ஓட்டின் மேல் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய படலங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிற நிறம் என்பதால் இன்னும் மின்னுகிறது.

கால்களைப் பற்றிச் சுருக்கமாக. தொடை, கணைக்கால், பாதம் என்று நம் உடம்பின் பெயர்களையே போட்டிருக்கிறார்கள், பாதம் மட்டும் கணுக்கணுவாக இருக்கும், அதுதான் டார்சஸ். மூன்று ஜோடிக் கால்களிலும் எத்தனை கணு என்று எண்ணி 5-5-5, 5-5-4 என்று எழுதுவார்கள். அரிசி மாவில் வரும் சின்னச் செவ்வண்டின் பின்காலில் நான்குதான் இருக்கும், அது 5-5-4. சாணியை உருட்டுகிற ஸ்கராப் வண்டுகள் சிலவற்றுக்கு முன்காலில் பாதமே கிடையாது.

முடி விஷயம் இதைவிட முக்கியம். கத்தரித் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் இதை மட்டுமாவது பார்க்க வேண்டும். பொறிவண்டு என்று நாம் சொல்லும் புள்ளி போட்ட உருண்டை வண்டுகளில் பெரும்பாலானவை அசுவினியைத் தின்று செடியைக் காப்பாற்றுபவை. அதே உருவத்தில் 28 புள்ளியோடு வரும் எபிலாக்னா வண்டு கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். லென்ஸில் பார்த்தால் நல்லதின் சிறகுறை பளபளவென்று மெழுகினது மாதிரி இருக்கும், எபிலாக்னாவின் சிறகுறை முழுக்கப் பூனைமுடி, அதனால் மங்கலாகத் தெரியும். வித்தியாசம் தெரியாமல் புள்ளி வண்டு என்றாலே மருந்து அடிக்கிறவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

திரும்ப என் பாட்டில் வண்டுக்கு வருகிறேன். கொம்பு இருந்ததால் ஆண் என்று நோட்டில் எழுதிவிட்டேன். அப்புறம்தான் வாலைத் திருப்பிப் பார்த்தேன். வயிற்றின் கடைசி மேல்தகடு, சிறகுறைக்கு வெளியே தெரிகிற பகுதி, அதுதான் பைஜிடியம். ஆணுக்கு அது வழுவழுவென்று இருக்கும். இதில் செம்பட்டை முடி அடர்த்தியாக, பல் துலக்கும் பிரஷ் மாதிரி இருந்தது. பெண்! இந்த இனத்தில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, கொஞ்சம் குட்டையாக. விரலால் பிடித்ததும் கிரீச் கிரீச்சென்று சத்தம் போட்டது, வயிற்று நுனியைச் சிறகுறையில் உரசுகிற சத்தம்.

பெண் என்று தெரிந்ததும் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். பெண் வண்டு முட்டை வைப்பது மரத்தில் கிடையாது, மக்கின குப்பையிலும் எருவிலும். விளக்குக்கு நேர் பின்னால் எங்கள் எருக்குழி. அவர் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு முழ ஆழத்தில் முதல் புழு கிடைத்தது, சுண்டுவிரல் பருமன், வெள்ளை, ப என்ற எழுத்தை வளைத்த மாதிரிச் சுருண்டு, பழுப்புத் தலையோடு. அதை உள்ளங்கையில் போட்டு லென்ஸை அவரிடம் கொடுத்தேன். மார்பில் மூன்று ஜோடிக் கால், பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன மூச்சுத்துளை.

போன வருஷம் சிவப்புக் கூன்வண்டால் விழுந்த மரத்தைப் பிளந்தபோது வந்த புழுக்களும் இதே மாதிரி வெள்ளைதான். அவற்றுக்குக் கால் கிடையாது. சித்தப்பா லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே சொன்னார், "கால் இருக்குடா. அப்ப அன்னிக்கு மரத்துக்குள்ள இருந்தது இது இல்ல." குழியில் மொத்தம் பதினேழு புழு எடுத்தோம், ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கோழிகளுக்குப் போட்டார்.