கொட்டாவி விடுகிறவளும் மற்றவளும்

மார்ச் 1, ஞாயிறு
மாதத்தின் முதல் ஞாயிறு, பாரிஸில் ஓர்சே மியூசியம் இலவசம். மச்சாள் இழுத்துக்கொண்டு போனாள். "வீட்டில் கிடந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தால் சுகம் வந்துவிடுமா?" நல்ல சனம். வான்கோவுக்கு முன்னால் நிற்கவே இடமில்லை. பிரெஞ்சு ஓவியர் தெகா வரைந்த அயன் பண்ணும் பெண்களுக்கு முன்னால் ஆளே இல்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

மார்ச் 3
இரவு மூன்று விரலும் விறைத்து எழும்பினேன். உதறு உதறென்று உதறி, தேத்தண்ணி போட்டு, விடியும்வரை இருந்தேன்.

மார்ச் 4
அந்தப் படம் போகமாட்டேன் என்கிறது. 1884க்கும் 1886க்கும் இடையில் வரைந்தது. இடப்பக்கம் நிற்பவள் வாய் நிறையக் கொட்டாவி விடுகிறாள். ஒரு கை பிடரியில், மற்றதில் போத்தல். வலப்பக்கத்தவள் குனிந்து இரண்டு கையாலும் அயனை அமத்துகிறாள். எல்லோரும் கதைப்பது கொட்டாவிக்காரியைப் பற்றித்தான். எனக்கு மற்றவள். முழங்கையை மடிக்காமல், தோளிலிருந்து பாரத்தை இறக்குகிறாள் பாருங்கள். மணிக்கட்டால் அமத்தினால் எத்தனை வருசம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அது மின்சார அயனும் இல்லை. அடுப்பில் சுடவைத்த இரும்பு. ஆறினால் அடுத்ததை எடுக்க வேண்டும். எங்களுக்கு வேலையிடத்தில் கட்டில் விரிப்பை எப்படி மடிப்பதென்று சொல்லித் தந்தார்கள். எப்படி நிற்பதென்று ஒருவரும் சொல்லவில்லை.

மார்ச் 7
கை ஒப்பரேசனுக்கு நாள் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டிய கடிதம் இன்னும் இல்லை.

மார்ச் 10
1874 பெப்ரவரியில் எழுத்தாளர் எட்மோன் தெ கொன்கூர் தெகாவின் ஸ்டூடியோவுக்குப் போய்வந்து தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தெகா சலவைக்காரிகளின் படங்களைக் காட்டி, அவர்களுடைய பாஷையிலேயே விளக்கினாராம்: இது அழுத்தித் தேய்ப்பது, இது வட்டமாகத் தேய்ப்பது என்று. வங்கிக்காரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? நின்று பார்த்திருக்கிறார். கேட்டிருக்கிறார். அதற்காகவே அந்த மனுசனைப் பிடிக்கிறது.
கொன்கூருக்குக் கை நோகவில்லைப் போல, பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். நான் இடது பெருவிரலால் தட்டுகிறேன்.

மார்ச் 12
இன்றைக்கு எரிச்சல். அந்த இரண்டு பெண்களுக்கும் பெயரில்லை. படத்தை 1911இல் நாட்டுக்கு எழுதிவைத்துவிட்டுப் போன இசாக் தெ கமோந்தோவுக்குப் பெயர் இருக்கிறது. அவரும் வங்கிக்காரர்.

மார்ச் 13
போத்தலில் என்ன? வைன் என்று மச்சாள் அடித்துச் சொல்கிறாள். புத்தகக்காரர்களும் அப்படித்தான். வேலை செய்கிற பெண் போத்தலைத் தூக்கினால் உடனே குடிகாரியா? நாள் முழுக்கச் சூட்டில் நிற்கிறவள். சரி, வைன்தான் என்று வையுங்கள். அதனால் என்ன?

மார்ச் 17
லாச்சப்பலில் மரக்கறி வாங்கிவிட்டு, பெரிய தெருவைக் கடந்து கூத் தோர் தெருப் பக்கம் நடந்தேன். ஸோலா 1877இல் வெளியிட்ட நாவலில் ஜெர்வேஸ் என்கிற சலவைக்காரி கடை வைத்தது இந்தத் தெருவில்தான். நான் தினமும் பஸ்ஸுக்கு ஓடுகிற இடம். பையை இடது கையில் கொண்டுவந்து இப்போது அந்தக் கையும் நோகிறது.

மார்ச் 20
தெகாவின் படத்தைப் போனில் பெருப்பித்துப் பார்த்தேன். கீழ்ப்பூச்சு இல்லாத முரட்டுக் கித்தான். வண்ணத்தை அதன்மேல் காய்ந்தபடி இழுத்திருக்கிறார். இடையிடையே நூல் தெரிகிறது, சாக்குத் துணி மாதிரி. சலவைக்கடையின் வெக்கை அதில்தான் இருக்கிறது.

மார்ச் 24
தொலைபேசி எடுத்தார்கள். ஏப்ரலில்தானாம். நாள் கடிதத்தில் வருமாம். எந்தக் கடிதத்தில்?

மார்ச் 29
நேரம் மாற்றிவிட்டார்கள், ஒரு மணித்தியாலம் போயிற்று. நித்திரையே இல்லாதவளுக்கு அது பெரிய நட்டமில்லை. இதே காட்சியைத் தெகா நான்கு தடவை வரைந்தாராம். ஒன்று கலிபோர்னியாவில், பசடீனாவில் இருக்கிறது. ஒரு தடவையாவது ஆளை மாற்றி விட்டிருக்கலாம். இவள் அமத்த, அவள் கொட்டாவி விட. மச்சாளிடம் சொன்னேன். "உனக்கு விசர்" என்றாள்.

ஏப்ரல் 1
வந்துவிட்டது! 9ஆம் திகதி, காலை எட்டரை. மோதிரத்தைக் கழற்றிவிட்டு வரட்டாம். கழருதில்லை. சவர்க்காரம் போட்டுப் பார்த்தாயிற்று. மச்சாள் நூல் சுற்றலாம் என்கிறாள், பொறுங்கள்