எட்டுப் பட்டைக்குள் எங்கள் ஈசன்

கோயில் கட்டடம் புதுசு, அதனால் சாந்நித்தியம், அதாவது சாமி அங்கே குடியிருக்கிற சக்தி, கம்மி என்று சொல்கிறவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊருக்குப் போய்த் தஞ்சாவூரும் திருவானைக்காவும் பார்த்துவிட்டு வந்தால் இந்தப் பேச்சு இன்னும் கூடும். "இங்க எல்லாம் சிமெண்டுக் கோயில்தானே" என்பார்கள். எங்கள் வீட்டிலேயே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவர் என் அத்தை, அதாவது என் மாமியார். சனிப் பிரதோஷத்துக்கு அவரைக் கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலுக்கு அழைத்துப்போய் வந்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேர்த்திக்கடன் அவருடையதுதான். நாத்தனார் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கிலும் காலிலும் குழாய். டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அத்தை வீட்டுப் பூஜை அறையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டார்: "பிள்ளை வீட்டுக்கு வரட்டும். ஆர்ச்சர்ட் ரோட்டுல இருந்த என் அப்பன் இப்ப எங்க இருக்கானோ, அங்க வந்து பிரதோஷத்துக்குப் பால் குடுத்துட்டு, கண்ணால பாத்துட்டுப் போறேன்."

அந்த ஆர்ச்சர்ட் ரோடு சிவனைத் தெரிந்தவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையம் கட்ட 1983ல் கோயில் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மூர்த்திகளைச் சிராங்கூன் சாலையில், ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் தற்காலிகமாக எழுந்தருளச் செய்தார்கள். டோபி காட்டில் 1987லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சிவனுக்குச் சொந்த வீடு அமைந்தது 1993ல்தான், கேலாங் ஈஸ்டில். அதுவரை பத்து ஆண்டுகள் மைத்துனர் வீட்டுக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்தார் பெருமான். அத்தைக்கு அந்தப் பழைய கோயில் பிறந்த வீடு மாதிரி. கல்யாணத்துக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே விளக்கேற்றியவர். அதை இடித்ததோடு மனசு விட்டுப்போய், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கோயில் போதும் என்று இருந்துவிட்டார்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தது. அடுத்து வந்த சனிப் பிரதோஷத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

கிளம்பின நேரத்தில் பிடித்தது மழை. சக்கர நாற்காலி, பால் பாக்கெட் பை, வில்வம், குடை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினால், ஓட்டுநர் சாலையின் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பச்சை விளக்குக்குக் காத்திருந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நனைந்துதான் வாசலுக்கு வந்தோம். அத்தை முந்தானையை இழுத்துப் பால் பையைத்தான் மூடிக்கொண்டார், தலையை மூடவில்லை.

உள்ளே கூட்டம் நெரிந்தது. சனிப் பிரதோஷம் என்றால் கூட்டம் இருக்கத்தான் செய்யும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நந்திக்கு முன்னால் பையை வைத்து இடம் பிடித்துவிட்டு வெளியே போய் நின்று பேசிக்கொண்டிருப்பது என்ன பழக்கம்? அபிஷேகம் தொடங்கியதும் கையெல்லாம் மேலே போகிறது, கும்பிட இல்லை, கைப்பேசியில் படம் எடுக்க. உட்கார்ந்திருக்கும் வயசானவர்களுக்கு முதுகுகள்தான் தரிசனம். கோயில் தொண்டர்கள் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போகிறார்கள். பக்தர்கள் நாம்தான் திருந்த வேண்டும்.

நிற்க இடம் இல்லாததால் அத்தையைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தேன். அப்போதுதான் அவர் கோயிலை நிமிர்ந்து பார்த்தார். "என்னடி இது, சுவரு மடங்கி மடங்கிப் போகுது?" என்றார். எட்டுப் பட்டைக் கோயில் அத்தை, இந்த ஊரில் வேறு எங்கேயும் இப்படிக் கிடையாது, வடநாட்டுப் பாணியும் நம்ம பாணியும் கலந்து கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். "அதான் பழைய கோயில் மாதிரியே இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அந்த வடிவத்தைப் பற்றி ரொம்ப நாளாகவே ஓர் எண்ணம் உண்டு. எட்டுப் பட்டை என்பது யாரோ ஒரு இன்ஜினியர் புதுமைக்காகப் போட்ட கோடு இல்லை. சிற்ப சாஸ்திரம் சொல்கிற மூன்று கோயில் பாணிகளில் நாகரச் சிகரம் சதுரம், வேசரம் வட்டம், திராவிடச் சிகரம் எட்டுப் பட்டை. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், சூரியன், சந்திரன், ஆன்மா என்று எட்டாக நிற்கிற அட்டமூர்த்திக்கு எட்டுப் பக்கம் பொருந்தாமல் வேறு என்ன பொருந்தும்? இன்னொன்றும் இருக்கிறது. லிங்கத் திருமேனியில் அடியில் சதுரமாக இருப்பது பிரம்ம பாகம். நாம் பார்த்து வணங்குகிற வட்டம் ருத்ர பாகம். இரண்டுக்கும் நடுவில், பீடமான ஆவுடையாருக்குள் மறைந்து எட்டுப் பட்டையாக நிற்பது விஷ்ணு பாகம். பெருமாளுக்குப் பக்கத்தில் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தவருக்கு எட்டுப் பட்டையிலேயே வீடு அமைந்ததே! கட்டியவர்கள் இதை நினைத்துத்தான் கட்டினார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. கட்ட வைத்தவனுக்குத் தெரியும். லிங்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது அங்கே சுவராக வெளியே நிற்கிறது, அதற்குள் நாம் நிற்கிறோம். ஒவ்வொரு முறை போகும்போதும் இதை நினைத்தால் எனக்கு மேனி சிலிர்க்கும்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். பதில் பேசவில்லை. பால் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பாலைக் கொடுத்தோம். நந்தியின் நெற்றியில் விழுந்து, கொம்பைச் சுற்றி, காது மடலில் ஒரு நிமிஷம் தேங்கி வழிந்தது. அருகம்புல் மாலை சாத்தினார்கள். அதற்குப் பிறகு மூலவருக்குத் தீபாராதனை. எங்களுக்கு முன்னால் ஆள்மேல் ஆளாக நின்றார்கள். அத்தை நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டு முகம் காட்டாமல் அனுப்பப் போகிறாயா என்று மனசுக்குள் சண்டையே போட்டேன்.

முன்னால் நின்ற ஒரு பையன், காலேஜ் படிக்கிற வயசு இருக்கும், திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மாவும் உட்கார்ந்தார். பின்னால் இன்னொருவர். ஒரு வரிசையே கீழே இறங்கியது. நேரே கருவறை. விபூதி அலங்காரம், மேலே வில்வம், தீபம் ஏறி இறங்கும்போது அந்த வெண்ணீற்றில் பொன் நிறம் ஏறிற்று.

"அப்பா," என்றார் அத்தை. சத்தமாகத்தான் சொன்னார். "நீதான். நீயேதான்."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட மறந்து கையைக் கூப்பியபடியே இருந்தார். பிள்ளைக்குக் குழாய் எடுத்த நாள், முதல் தடவை பால் குடித்த நாள், எல்லாம் என் கண்ணுக்குள் ஓடியது. பரமேஸ்வரா, நாங்கள் கேட்டது ஒரு உயிர். நீ கூடவே எங்கள் அத்தையின் இத்தனை வருஷத்து ஏக்கத்தையும் தீர்த்துவிட்டாய்.

இந்த ஊரில் சாமிகளும் நம்மைப் போல வீடு மாறியவர்கள்தான். செம்பவாங்கில் இருந்த புனிதமரம் பாலசுப்பிரமணியர் இப்போது ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கிறார். செங்காங்கில் வேல்முருகனும் ஞானமுனீஸ்வரரும் ஒரே ஆலயத்தில் இருந்து அருள்கிறார்கள். புதிதாக ஒதுக்கும் நிலமும் பெரும்பாலும் 30 ஆண்டுக் குத்தகைக்குத்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டே நம் மக்கள் காசு சேர்த்து, ஊரிலிருந்து ஸ்தபதிகளை வரவழைத்து, கும்பாபிஷேகத்துக்கு மேல் கும்பாபிஷேகமாகச் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டுக் கோயில் போன அதே 1983ல்தான் டேங்க் ரோடு தண்டாயுதபாணிக்குப் புதுக் கட்டடம் எழும்பிக் குடமுழுக்கு நடந்தது. தெய்வ உருவங்கள் செதுக்கிய 48 கண்ணாடிப் பலகைகளைக் காலையும் மாலையும் வெயில் விழுகிற மாதிரி கூரையில் பதித்தார்கள். சிமெண்டு, கண்ணாடி என்று இளக்காரம் செய்கிறவர்கள் இந்த உழைப்பையும் பார்க்க வேண்டும். சாந்நித்தியம் கல்லின் வயசில் இல்லை, ஐயா. அழைக்கிறவர்கள் குரலிலும் வருகிறவன் கருணையிலும் இருக்கிறது.

பிரசாதமாகக் கிடைத்த சர்க்கரைப் பொங்கலை அத்தை அந்தப் பையனைத் தேடிப் பிடித்துப் பாதி கொடுத்தார். "நல்லா இருப்பே ராசா" என்று தலையில் கை வைத்தார். சண்டிகேஸ்வரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது.

பிள்ளை இப்போது நாலு கிலோவைத் தாண்டிவிட்டது. ஒரு வயசு ஆனதும் டேங்க் ரோட்டில் முடி இறக்கலாம் என்று நாத்தனார் சொல்லியிருக்கிறாள். அத்தை ஒத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னாடி வருகிற பிரதோஷம் ஒன்றில் பிள்ளையைக் கேலாங் ஈஸ்டுக்குத் தூக்கிப்போய் அவரிடம் காட்டியாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.