எட்டு வினாடிப் பூக்கடை

2 அக்டோபர் 2025, வியாழன்
தீபாவளிக்கு இன்னும் 18 நாள். குடும்ப வாட்ஸ்அப்புக்கு இந்த வருடமும் அதே விளக்குப் படம் வேண்டாம், சிங்கப்பூர்த் தேக்காவின் பூக்கடை ஒன்றை ஏஐ வீடியோவாகவே செய்து அனுப்பலாம் என்று, எழுதிக் கொடுத்தால் வீடியோ செய்து தரும் கூகுளின் வியோ 3-ஐத் திறந்தேன். ஒரு தடவைக்கு 8 வினாடிதான் தரும், ஆனால் சத்தத்தோடு வரும். "லிட்டில் இந்தியா, பூக்கட்டும் பெண்" என்றேன். அழகாகத்தான் இருந்தது, பின்னால் ஓர் ஆட்டோ போகும் வரை. சிராங்கூன் ரோட்டில் ஆட்டோ!

5 அக்டோபர், ஞாயிறு
ஊர்ப்பெயரை நம்பாமல் கண்ணில் படுவதை எழுதினேன்: ஐந்தடிப் பாதை (கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை), டியூப் லைட், ஈரத்தரை, கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் பைகள். 'சினிமாட்டிக்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டேன், அது இருந்தால் பொன்வெயிலும் மங்கிய பின்னணியும் வந்து கல்யாண ஆல்பம் ஆகிவிடுகிறது. கைபேசியில் எடுத்தது போல, லேசாகக் கை ஆட வேண்டும் என்றதும் நிஜக்களை வந்தது.

கடைப் பலகைத் தமிழ்தான் பரிதாபம், கொம்பும் சுழியும் தனித்தனியாகக் கிடந்தன. எழுத்தின் சாயல்தான் அதற்குத் தெரியும், எழுத்து தெரியாது. (நிஜப் பலகைகளிலேயே தமிழ் உடைந்து நின்ற ஊர் இது, அதை மட்டும் குறை சொல்வானேன்.) பலகையை வெறுமையாக விடச் சொல்லி, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் நானே எழுத்தை ஒட்டினேன்.

11 அக்டோபர், சனி
விரல்கள். இருபது தடவையாவது ஓட்டியிருப்பேன், கிரெடிட் எல்லாம் கரைந்தது. ஒன்றில் நூல் மல்லிகைக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வருகிறது, இன்னொன்றில் முடிச்சே விழாமல் சரம் தானாக நீள்கிறது. இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்து, நூலைச் சுற்றி, விரலால் ஒரு கண்ணி போட்டு இழுக்கும் அந்த வரிசையை வியோவால் பிடிக்கவே முடியவில்லை. விரல் இடம் மாறுவது தெரிகிறது, முடிச்சு ஏன் நிற்கிறது என்பது தெரியவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு
சரி போ என்று காலையில் தேக்காவுக்கே போய், பூக்கடை அக்காவிடம் "கை மட்டும் எடுத்துக்கவாக்கா?" என்று கேட்டேன். "முகம் வரக்கூடாது தம்பி" என்றவர், என்னிடம் பேசிக்கொண்டே ஒரு முழம் கட்டி முடித்துவிட்டார். அதில் 4 வினாடியை நடுவில் சேர்த்தேன். மூலையில் 'ஏஐ' என்று சின்னதாகப் போட்டேன்.

18 அக்டோபர், சனி
அனுப்புவதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டினேன். கடை, தரை, பலகை எல்லாவற்றையும் நம்பிவிட்டார். கை வந்த இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"இது கம்ப்யூட்டர்ல பண்ணதுதானே? இவ்வளவு வேகமா யாருப்பா கட்டுவா?"