உப்சாலா, நவம்பர்

நவம்பர் 4

ஆபரேஷனைப் பற்றி அண்ணன் இன்னும் பேசவில்லை. நாலு மணிக்கே இருட்டிவிட்டது.

நவம்பர் 5

வீட்டில் இருந்தால் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று கரோலினா ரெடிவிவா நூலகத்துக்குப் போனேன். வெள்ளி பைபிள் அங்கேதான் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஊதாத் தோலில் வெள்ளி மை, நடுநடுவே தங்க மை. உல்ஃபிலா என்ற ஆயர் 4ஆம் நூற்றாண்டில் கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்த்த நற்செய்திகள், இந்தப் பிரதி 6ஆம் நூற்றாண்டினுடையது. ஜெர்மானிய மொழிகளில் இவ்வளவு பழைய பெரிய நூல் வேறு கிடையாது. 336 தாள்கள் இருந்ததாம், இங்கே மிஞ்சியது 187.

திரும்பி வந்து கோதிக்கில் இயேசு கற்றுத்தந்த ஜெபத்தின் முதல் வரியைத் தேடிப் படித்தேன். "அத்தா உன்சர், து இன் ஹிமினம்." வானத்தில் இருக்கும் எங்கள் தந்தையே. கோதிக்கில் அப்பா என்றால் அத்தா. எங்கள் வீட்டிலும் அத்தாதான். இரண்டுக்கும் உறவு கிடையாது, குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் எங்கேயும் இப்படி அமையும். ஆனாலும் அத்தாவையும் ஹிமினத்தையும் ஒரே வரியில் இன்றைக்குப் பார்த்திருக்க வேண்டாம்.

நவம்பர் 6

ஊரில் அத்தாவின் ஆபரேஷனுக்குத் தேதி இன்னும் சொல்லவில்லையாம்.

நவம்பர் 7

கோதிக் ஹிமின்ஸ், ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நோர்ஸில் ஹிமின், ஜெர்மன் ஹிம்மல், டச்சு ஹேமல், ஆங்கில ஹெவன், எல்லாம் வானம்தான், ஒரே குடும்பம். எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, மூடுவது, போர்த்துவது என்ற வேர். ஜெர்மன்காரர்கள் சட்டையை ஹெம்ட் என்பதையும் அதோடு சேர்ப்பார்கள். இன்னொன்று கல். சமஸ்கிருத அச்மன், லித்துவேனிய அக்முவோ இரண்டும் கல்தான், வேதத்தில் அச்மனுக்கு வானம் என்றும் பொருள் உண்டு. அதாவது தலைக்கு மேல் கற்கூரை.

எனக்குப் போர்வைதான் வேண்டும், கல் வேண்டாம். ஆனால் கல் சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் கிளவுட் என்பதே பழைய காலத்தில் பாறை, குன்று. பாறையின் பெயர் மேகத்துக்கு ஏற முடியும் என்றால் வானத்துக்கு ஏன் ஏறாது?

நவம்பர் 8

அம்மா பேசினார்கள். "அத்தா ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க, நீ சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

நவம்பர் 9

ஆங்கில ஸ்கை என்பது நோர்ஸ்காரர்களின் மேகம். டேனிஷில் இன்றும் மேகம்தான். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்து மெல்ல மெல்ல வானத்தையே பிடித்துக்கொண்டது, அதுவரை இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஹெவன் கடவுள் பக்கம் ஒதுங்கிவிட்டது. ஸ்வீடிஷில் அந்தப் பாகப்பிரிவினை நடக்கவில்லை. போ ஹிம்லென் என்றால் நிலா இருக்கிற இடம். இ ஹிம்லென் என்றால் போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிற இடம். கீழ்வீட்டுப் பாட்டி அத்தாவைப் பற்றி அன்பாகத்தான் விசாரித்தார், அப்புறம் தன் கணவரைப் பற்றிப் பேசும்போது இ ஹிம்லென் என்றார். அந்த ஒற்றை எழுத்து இன்னும் காதிலேயே நிற்கிறது. அவர் மேல் கோபம் வந்தது, எதற்கு என்றே தெரியவில்லை, பாவம் அவர் என்ன செய்தார். வயதானவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தால் என்னவெல்லாம் ஆகும் என்று நெட்டில் பார்க்காதே என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். பார்த்தேன். இனி பார்க்க மாட்டேன்.

நவம்பர் 10

நாளைக் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோகிறார்களாம். இங்கே மூன்றரை. படுக்கப் போவதில்லை, ஆல்விஸ்மால் என்ற பழைய நோர்ஸ் பாட்டைப் படிக்கப் போகிறேன். இடிக் கடவுள் தோரின் மகளைப் பெண் கேட்டு ஒரு குள்ளன் வருகிறான். இதை ஒவ்வோர் உலகத்திலும் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று தோர் இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வானத்துக்கு மனிதர்கள் ஹிமின், எல்ஃப்கள் அழகிய கூரை, குள்ளர்கள் சொட்டும் மண்டபம் என்கிறார்களாம். கேள்வி முடிவதற்குள் விடிந்துவிடுகிறது, குள்ளன் வெளிச்சத்தில் மாட்டிக்கொள்கிறான். இரவைக் கடத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 11

3.30. யா அல்லாஹ்.

5.10. இன்னும் உள்ளேதான்.

7.20. ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்களாம். கண் திறக்கவில்லை. 13ஆம் தேதி ஆர்லாண்டா விமான நிலையத்திலிருந்து டிக்கெட் இருக்கிறது, ஆபீஸுக்கு எழுத வேண்டும், நூலகப் புத்தகங்களைக் கீழ்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு