புக்கானன் தங்கிய ஊர் தண்ணீருக்கடியில்

கோத்தகிரியில் இருந்துகொண்டு கேமராவோடு அலைகிறவனுக்குக் கொடநாடு காட்சிமுனை ஒருநாள் அலுத்துத்தான் போகும். கீழே மாயாறு, தூரத்தில் பவானிசாகர் அணை நீர், எதிரே மைசூர்ப் பீடபூமி. எத்தனை தடவைதான் எடுப்பது?

அப்போதுதான் அமெரிக்கப் புகைப்படக்காரர் எலியட் போர்ட்டர் 1969இல் செய்த வேலை கண்ணில் பட்டது. ஜான் வெஸ்லி பவல் என்ற ஆய்வுப் பயணி 1869இல் பத்துப் பேராக, நான்கு படகுகளில், கொலராடோ ஆற்றில் இறங்கினார். அவருடைய நாட்குறிப்பின் பக்கத்தில் நூறு வருடம் கழித்துத் தன் படங்களை வைத்திருந்தார் போர்ட்டர். பவலுக்கு ஒரு கைதான். இன்னொன்றை உள்நாட்டுப் போரில் இழந்தவர்.

நம் ஆற்றைப் பற்றி யாராவது எழுதியிருப்பார்களே என்று தேடியதில் பிரான்சிஸ் புக்கானன் கிடைத்தார். படகில் வந்தவர் இல்லை. திப்பு வீழ்ந்த மறுவருடம், 1800இல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பி மைசூர், கோவை, மலபார் என்று சுற்றிய டாக்டர். அவருடைய பயண நாட்குறிப்பு 1807இல் மூன்று தொகுதிகளாக அச்சானது. 1800 அக்டோபரில் டணாய்க்கன்கோட்டையில் தங்கி, அங்கிருந்து மலையேறி அரக்கோடு பக்கம் இருளர் ஊரைப் பார்த்திருக்கிறார். சரி, போர்ட்டர் மாதிரி இவர் நாட்குறிப்புக்குப் பக்கத்தில் என் படங்கள், அவர் வந்த அதே அக்டோபரில்தான் எல்லாப் படமும் என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்.

முதல் தலைவலி அவர் ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஊர்ப்பெயர்கள். கண்ணால் படித்தால் ஒன்றும் புரியாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். அரக்கோட்டில் ஒரு பெரியவரிடம் அப்படித்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, “நம்ம ஊருதான் தம்பி, வாய்தான் வேற” என்றார்.

காட்டுக்குள் போக வனத்துறைக்குக் கடிதம், காத்திருப்பு, கூடவே வர ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர். எல்லாம் நடந்தது. தெங்குமரஹடாவுக்கு மாயாற்றைப் பரிசலில் கடந்தேன். முதலை உள்ள ஆறு. நடு ஆற்றில் ட்ரைபாடை விரிக்கப் பார்த்தேன், பரிசல்காரர் ஒரு முறை முறைத்தார், மடக்கிவிட்டேன். கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் என்றால் வடகிழக்குப் பருவமழை. பாதி நாள் லென்ஸைத் துடைத்தே கழிந்தது.

படங்களைச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டு, நாட்குறிப்புப் பக்கங்களோடு தரையில் பரப்பினேன். மலையேறியது களைப்பு என்று அவர் எழுதிய இடத்தில் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. ஆறு என்ற இடத்தில் ஆறு. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணாங்கிளாஸ் புத்தகம் மாதிரி இருக்கு, அ-அம்மா, ஆ-ஆடு” என்றாள். கோபம் வந்தது. ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

புக்கானனின் கண் மண், பயிர், கூலி, வரி என்று கணக்குப் பார்க்கிற கண். அவர் எழுதியதையே நான் திரும்ப எடுத்தால் என் படம் வெறும் சாட்சிக் கையெழுத்து. அப்புறம் மாற்றி அடுக்கினேன். வரி பேசும் பக்கத்துக்கு எதிரே பனி மூடிய சரிவு. பயிர்க் கணக்குக்கு எதிரே யானை மிதித்துப்போன வரப்பு. அப்படி வைத்ததும் இரண்டுக்கும் நடுவில் ஏதோ பேச்சு நடப்பதுபோல் இருந்தது. நாற்பது படங்களில் பதினொன்றுதான் தேறின.

மாட்டிக்கொண்டது டணாய்க்கன்கோட்டையில். 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணை அந்த ஊரை விழுங்கிவிட்டது. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் வறட்சியில் பழைய கோயில் வெளியே தெரியும். அக்டோபரில் தெரிய வழியே இல்லை. தேதிக்கு உண்மையாக இருப்பதா, இடத்துக்கா? பவல் போன அதே கொலராடோ ஆற்றில், கிளென் கேன்யன் பள்ளத்தாக்கில் அணையின் கதவுகளை மூடியது 1963இல். போர்ட்டர் அதற்கு முன்பே போய் எடுத்துவிட்டார். அங்கே தேங்கிய ஏரிக்குப் பவல் பெயரையே வைத்திருக்கிறார்கள், வேடிக்கைதான். எனக்கோ நான் பிறப்பதற்கு முன்பே கதவு மூடியாகிவிட்டது.

கோடைக்குக் காத்திருந்து கோயிலை எடு என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். கோயில் வந்தால் எல்லோரும் கோயிலைத்தான் பார்ப்பார்கள், புக்கானனைப் படிக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. அக்டோபர் கடைசியில் கரையில் நின்று தண்ணீரை எடுத்தேன். சாம்பல் நிற வானம், அதே நிறத்தில் நீர், கரையில் ஒரு கவிழ்த்த பரிசல்.

பிரிண்ட் கடைத் தம்பி திரையில் பார்த்துவிட்டு, “சார், இதுல ஒண்ணுமே இல்லையே” என்றான்.

“ஆமா. அதை மட்டும் 24க்கு 36ல போடு” என்றேன்.