வீட்டுக் கிருஷ்ணருக்குப் பதிவுச் சான்றிதழ் வாங்கினோம்

அப்பாவுக்குப் பிறகு பூஜை அறையில் இருந்த நவநீத கிருஷ்ணர், அதாவது கையில் வெண்ணெய் உருண்டை வைத்திருக்கும் கிருஷ்ணர், என் பொறுப்புக்கு வந்தார். ஒரு சாண் உயர வெண்கலம். கொள்ளுத்தாத்தா காலத்துக்கும் முந்தியது என்பார்கள். நூறு வருடத்தைத் தாண்டிய சிலையை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம்.

"சும்மா இருக்கிறதை ஏன் கிளறுறே? கவர்மெண்ட் எடுத்துக்கிட்டுப் போயிடும்" என்றார் பெரியப்பா. கட்டாயமாகக் கையகப்படுத்தும் பிரிவு அந்தச் சட்டத்தில் உண்டுதான். ஆனால் உண்மையாகவே வழிபாட்டில் இருக்கும் பொருளுக்கு விலக்கும் உண்டு. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "என்னமோ பண்ணு" என்றார்.

விண்ணப்பத்தில் இடறுவது ஒரே கேள்விதான்: சிலை உங்களிடம் எப்படி வந்தது? நம் வீடுகளில் சாமிக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? தேடியதில் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. அதில் 'பூஜை சாமான்கள்' என்று ஒரு சொல், அவ்வளவுதான். அத்தை கல்யாணத்தின் கருப்பு வெள்ளைப் படம் ஒன்றில் மணமக்களுக்குப் பின்னால் கிருஷ்ணர் தெரிந்தார். அதுதான் கைகொடுத்தது.

பழைய படத்தை லேசாக நினைக்காதீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியபோது காகிதமெல்லாம் பக்காவாக இருந்தது. அத்தனையும் போலி. சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படங்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்ததால்தான் குட்டு உடைந்தது. 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார்.

பார்வையிட்ட அலுவலர் முகத்தைப் பார்க்கவில்லை; சிலையைச் சாய்த்து முதலில் பீடத்தைத்தான் பார்த்தார். ஊர்வலம் போகும் கோயில் உற்சவர் என்றால் பீடத்தில் கழி கோக்கத் துளையோ வளையமோ இருக்கும். எங்களுடையதில் இல்லை, எழுத்துப் பொறிப்பும் இல்லை. அப்புறம் வெண்ணெய் உருண்டையில் இருந்த சிதைவைக் குறித்துக்கொண்டார். களவு போனால் அடையாளம் காட்டுவது அந்தச் சிதைவுதானாம்.

ஒருவழியாகச் சான்றிதழ் வந்தது. இது பதிவுக்கு ஆதாரம். சிலையின் பூர்வீகத்துக்கு உத்தரவாதம் அல்ல. விற்க வருபவர் இதை மட்டும் நீட்டினால் நான் வாங்க மாட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் கிருஷ்ணரைக் கேட்டார். தனி ஆள் எடுத்துப்போகச் சட்டத்தில் வழியே இல்லை. இப்போது சுவாமிமலையில் புதிதாக ஒன்று வார்க்கச் சொல்லியிருக்கிறார். அதற்கும் 'தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு விமானம் ஏறச் சொல்லியிருக்கிறேன்.